செடி வளர்த்த மூன்றடி மீன் தொட்டியில் ராம், அப்பிஸ்டோ, கிரிபென்சிஸ் மூன்றும் ஒன்றாக இருக்குமா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: தேவகோட்டை வீட்டில், முற்றத்தை ஒட்டி 36-க்கு 18-க்கு 18 அங்குல மீன் தொட்டி வைத்திருக்கிறீர்கள். செடிகள் நன்றாகப் பிடித்துவிட்டன. அதில் குள்ள சிக்லிட் மீன்களான நீல ராம் ஒரு ஜோடி, கக்கடுவாய்டஸ் அப்பிஸ்டோ ஓர் ஆணும் இரண்டு பெண்ணும், கிரிபென்சிஸ் ஒரு ஜோடி, எல்லாவற்றையும் விடலாமா என்று கேட்கிறீர்கள். "எல்லாம் குள்ள வகைதான், சாது" என்று கடைக்காரர் சொல்லிவிட்டார், உங்களுக்குத் தண்ணீரின் பி.எச். (அமில, காரத்தன்மை அளவு) ஒத்துப்போகுமா என்பது மட்டும்தான் கவலை. பி.எச். கவலைக்குப் பதில் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். ஆனால் உங்கள் கேள்விக்குள் இருக்கும் பெரிய கேள்வி வேறு. மூன்று குடும்பம் குடியிருக்க அந்தத் தொட்டியில் தரை இருக்கிறதா என்பதுதான் அது. என் பதில்: கிரிபென்சிஸ் வேண்டவே வேண்டாம். ராமும் அப்பிஸ்டோவும் சில நிபந்தனைகளோடு சேர்ந்து இருக்கலாம். என் விருப்பத்தைக் கேட்டால் அப்பிஸ்டோ மட்டும் வையுங்கள் என்பேன்.

நான் விலங்கியல் படித்தவன். காரைக்குடியில் பல வருடங்களாக இந்தச் சின்ன சிக்லிட்களை வளர்த்துக் குஞ்சு எடுத்து வருகிறேன். சிக்லிட் குடும்பம் நமக்குப் புதிதில்லை. நம் ஊரணிகளில் கிடக்கும் ஜிலேபிக் கெண்டையும் அதே குடும்பம்தான். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. தண்ணீர் வற்றும் நாளில் கரையோரம் வட்ட வட்டமாகக் குழி தெரியும், ஒவ்வொரு குழிக்கும் ஓர் ஆண் காவல் நிற்கும், பக்கத்துக் குழிக்காரன் எல்லை தாண்டினால் விரட்டும். உங்கள் தொட்டியில் நடக்கப்போவதும் அதுவே, அளவு மட்டும் சின்னது. "குள்ள" என்பது உடம்பின் நீளத்தைத்தான் சொல்கிறது, குணத்தைச் சொல்லவில்லை. ஐந்து சென்டிமீட்டர் பெண் அப்பிஸ்டோ முட்டையிட்டுவிட்டால் தன்னைவிட இரண்டு மடங்கு நீளமான மீனையும் துரத்தும்.

சரி, தரைக் கணக்கைப் பார்ப்போம். உங்கள் தொட்டி சுமார் 190 லிட்டர் பிடிக்கும், ஆனால் சிக்லிட் லிட்டரைப் பார்ப்பதில்லை. அதற்குக் கணக்கு, அடியில் இருக்கும் 90-க்கு 45 சென்டிமீட்டர் தரை மட்டும்தான். முட்டையிட்ட பெண் அப்பிஸ்டோ தன் பொந்தைச் சுற்றி ஒரு சாணுக்குக் குறையாமல் யாரையும் விடாது. கக்கடுவாய்டஸில் ஓர் ஆண் பல பெண்களோடு வாழும். பெண்கள் ஆளுக்கொரு பொந்தைப் பிடித்துக்கொள்ளும், ஆண் எல்லாவற்றையும் சுற்றி வந்து வெளி எல்லையைக் காக்கும். இரண்டு பெண் இரண்டு ஓரத்திலும், ஆண் நடுவிலுமாக உலாவினால் மூன்றடி ஏறக்குறைய நிறைந்துவிட்டது. அதன்மேல் வரும் ஒவ்வொரு ஜோடியும் யாரோ ஒருவருடைய இடத்தைப் பிடுங்கித்தான் உட்கார வேண்டும். உயரமான தொட்டி வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

கிரிபென்சிஸை ஏன் இவ்வளவு கறாராக மறுக்கிறேன் என்றால், இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அது நைஜீரியா, கேமரூன் பக்கத்து மீன். ஆண் பத்து சென்டிமீட்டர் வரை வரும். ராமைவிடவும் அப்பிஸ்டோவைவிடவும் உடம்பு கனமானது. கடையில் தனித்தனியாக இருக்கும்போது சாதுதான், அதில் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஜோடி சேர்ந்து, பெண்ணின் வயிறு நாவல்பழ நிறத்துக்குப் போய், இரண்டும் ஒரு பொந்துக்குள் மாறி மாறி நுழைய ஆரம்பித்தால் கதையே வேறு. குஞ்சுகள் வெளியே வந்ததும் தாயும் தகப்பனும் சேர்ந்து மூன்றடித் தொட்டியின் முக்கால் பாகத்தை வளைத்துக்கொள்ளும். மற்ற மீன்கள் எல்லாம் ஒரு மேல்மூலையில் ஒண்டி நிற்கும். அவை எளிதில் குஞ்சு பொரிக்கும் மீன்கள் வேறு, ஆகவே இது எப்போதாவது நடப்பது இல்லை, திரும்பத் திரும்ப நடப்பது. கிரிபென்சிஸ் பிடித்திருந்தால் அதற்கு ஒரு தனித் தொட்டி கொடுங்கள். அருமையான மீன்.

ராமும் அப்பிஸ்டோவும் சேரும் விஷயம் அப்படி ஒரே வரியில் முடியாது. இரண்டும் தென் அமெரிக்காதான், ஆனால் ஒரே ஆற்றில் பக்கத்துப் பக்கத்தில் வாழ்பவை அல்ல. நீல ராம் வெனிசுவேலா, கொலம்பியாவின் லானோஸ் புல்வெளிகளில் ஒரினோகோ ஆற்றுப் பகுதியைச் சேர்ந்தது. கக்கடுவாய்டஸ் பெரு நாட்டுப் பக்கம் அமேசானின் மேல்பகுதி. சாதகமான விஷயம், இரண்டும் முட்டையிடும் இடம் வேறு வேறு. அப்பிஸ்டோ பொந்துக்குள், கூரையில் ஒட்டி முட்டையிடும். ராம் வெட்டவெளியில் தட்டையான கல்லிலோ அகன்ற இலையிலோ இடும். ஆகவே பொந்துக்காகச் சண்டை வராது. வரும் சண்டை எல்லைச் சண்டைதான். இரண்டும் ஒரே வாரத்தில் முட்டையிட்டால், ராம்தான் பெரும்பாலும் தோற்கும். அதன் சுபாவம் கொஞ்சம் கூச்சம். பண்ணையில் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கிய ராம்கள் முதல் சில ஈட்டு முட்டைகளைத் தாமே தின்றுவிடுவதும் சகஜம், தொந்தரவு இருந்தால் இன்னும் சீக்கிரம் தின்றுவிடும். அழகுக்கு மட்டும் வளர்க்கிறேன், குஞ்சு வேண்டாம் என்றால் இந்தச் சேர்க்கை தாங்கும். இரண்டிலும் குஞ்சு எடுக்க வேண்டும் என்றால் மூன்றடியில் தாங்காது. இதில் நான் உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி, மீனின் தனிக் குணம். ஒரே ஈட்டுக் குஞ்சுகளில் ஒன்று பரம சாதுவாகவும் மற்றொன்று முரடாகவும் வளரும். உங்கள் தொட்டியில் வரப்போகும் அந்த மூன்று அப்பிஸ்டோவின் குணத்தை இங்கே உட்கார்ந்துகொண்டு யாராலும் கணிக்க முடியாது. இரண்டு பெண்ணில் ஒன்று மற்றொன்றை விரட்டியே கொன்றுவிடும் தொட்டிகளும் உண்டு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து அங்கேதான் மனசு போகும். இரண்டு வகை அப்பிஸ்டோவை ஒரே தொட்டியில் சேர்க்காதீர்கள். ஆண்களைப் பார்த்தால் கக்கடுவாய்டஸ், அகாசிசி, மாக்மாஸ்டரி என்று வேறுபாடு பளிச்சென்று தெரியும். பெண்கள் எல்லாம் முட்டை காக்கும்போது ஒரே மஞ்சள், ஒரே கறுப்புக் கோடு. உங்களுக்கே அடையாளம் தப்பும். நெருங்கிய இனங்கள் கலந்து குஞ்சு வந்தால், அந்தக் குஞ்சுகள் ஏதோ ஒரு பெயரில் கடைக்குப் போய், வாங்குபவர் தலையில் விழும். கடையில் வியஹிட்டா என்ற இன்னொரு அப்பிஸ்டோ இனத்தின் பெயரை எழுதி வைத்திருப்பதில் பல உண்மையில் மாக்மாஸ்டரிதான். ஏற்கெனவே குழம்பிக் கிடக்கும் இடத்தில் நாமும் சேர்ந்து குழப்ப வேண்டாம். அதேபோல பொலிவிய ராமையும் நீல ராமையும் சேர்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். இரண்டும் ஒரே மாதிரி வெட்டவெளிக் கல்லைத் தேடும், ஒரே மாதிரி மணலைக் கிண்டும், போட்டி நேருக்கு நேர். தவிர பொலிவிய ராம் 22 முதல் 26 டிகிரி வரை விரும்பும் மீன், நம் கோடைக்கு அது சரிப்படாது.

கோடையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். செட்டிநாட்டில் குள்ள சிக்லிட் வளர்ப்பவருக்கு பி.எச்.-ஐ விடப் பெரிய சங்கதி சூடுதான். சுண்ணாம்புச் சாந்து பூசிய கனத்த சுவர், உயரமான கூரை உள்ள பழைய வீட்டுக்குள் தொட்டித் தண்ணீர் ஓரளவு அடங்கியிருக்கும். அதே தெருவில் கான்கிரீட் மாடியில் வைத்த தொட்டி அக்னி நட்சத்திரத்தில் 32 டிகிரியைத் தொட்டுவிடும். நீல ராமுக்கு 28, 29 டிகிரி இதமானது, 30 வரை வாடாது. நம் ஊர் வெயிலுக்கு ஏற்ற குள்ள சிக்லிட் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் அதைத்தான் காட்டுவேன். கக்கடுவாய்டஸுக்கு 24 முதல் 28 வரை நல்லது, அதற்கு மேல் நாள்கணக்கில் போனால் மூச்சு வாங்கும். இரண்டும் ஒத்துப்போகும் இடம் 27, 28. அதைக் காப்பாற்ற, தண்ணீரின் மேல்பரப்பைத் தடவிப் போகும்படி ஒரு சின்ன மின்விசிறியைச் சாய்த்து வையுங்கள், மேலே கண்ணாடி மூடிக்குப் பதில் வலை போடுங்கள். நம் கோடைக்காற்று காய்ந்த காற்று, இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் தண்ணீர் தினமும் ஆவியாகிக் குறையும். குறைந்ததைப் போர் தண்ணீரால் நிரப்பினால் உப்பு மட்டும் தொட்டியில் தங்கித் தங்கி, ஆடி மாதம் வருவதற்குள் கடினத்தன்மை எங்கோ போய் நிற்கும். ஆவியான தண்ணீரை ஆர்.ஓ. தண்ணீரால் மட்டுமே ஈடு செய்யுங்கள். இன்னொன்று, தண்ணீர் சூடாக ஆகக் காற்றைப் பிடித்துவைக்கும் திறன் குறையும். 25 டிகிரியில் லிட்டருக்கு எட்டு மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜன் கரைந்திருக்கும் என்றால், 30 டிகிரியில் ஏழரை. இரவில் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். ஆகவே விளக்கு அணையும்போது செடிகளுக்குக் கொடுக்கும் சி.ஓ.டூ.-வை (கரியமில வாயு) நிறுத்தி, குமிழி விடும் காற்றுக் கல்லை ஓடவிடுங்கள். கரண்ட் போனாலும் ஓடும்படி ஒரு பேட்டரி பம்பு வாங்கி வையுங்கள்.

சூட்டுக்கு இன்னொரு விளைவும் உண்டு, இது பலருக்குத் தெரிவதில்லை. அப்பிஸ்டோ குஞ்சுகளில் ஆண் பெண் விகிதத்தைத் தண்ணீரின் சூடு மாற்றும். 1996-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் பல அப்பிஸ்டோ இனங்களை வைத்துப் பார்த்ததில், பெரும்பாலானவற்றில் சூடு கூடினால் ஆண் குஞ்சு கூடியது. ஆகவே சித்திரை, வைகாசியில் நம் ஊர்த் தொட்டியில் பொரிக்கும் குஞ்சுகள் ஆண்பக்கம் சாய்ந்திருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். பெண் குஞ்சு வேண்டும் என்பவர்கள் மார்கழி, தை ஈட்டுக்காகக் காத்திருக்கலாம்.

இப்போது உங்கள் பி.எச். கேள்வி. பண்ணையில் பிறந்த ராமும் கக்கடுவாய்டஸும் 6.2 முதல் 7 வரை சௌகரியமாக இருக்கும். கக்கடுவாய்டஸ் அதற்கு மேலும் கொஞ்சம் பொறுக்கும். பி.எச்.-ஐ மட்டும் பார்த்துவிட்டு மருந்து ஊற்றி இறக்குவதுதான் தப்பு. முதலில் கே.எச். அளவை, அதாவது பி.எச்.-ஐ மாறவிடாமல் பிடித்துவைக்கும் கார்பனேட் உப்புகளின் அளவைப் பாருங்கள். அது பத்து, பன்னிரண்டு என்று நின்றால், என்ன ஊற்றி இறக்கினாலும் பி.எச். மறுநாள் பழைய இடத்துக்கே ஏறிவிடும், அந்த ஏற்ற இறக்கம்தான் மீனைக் கொல்லும். கடினமான தண்ணீரில் இந்த மீன்கள் உயிரோடு இருக்கும், முட்டைதான் சரியாகப் பொரியாது. நம் பகுதியில் போருக்குப் போர் தண்ணீர் மாறுகிறது. காரைக்குடியில் சம்பை ஊற்றுத் தண்ணீருக்குப் பேர் உண்டு, ஆனால் நாக்குக்கு இனிப்பதை வைத்து மென்மையான தண்ணீர் என்று முடிவு கட்டக் கூடாது, அளந்துதான் பார்க்க வேண்டும். உங்கள் போர் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) 800 இருந்தால், ஒரு பங்குக்கு ஐந்து பங்கு ஆர்.ஓ. கலந்தால் சுமார் 150-க்கு வரும். இந்த மீன்களுக்கு 100 முதல் 180 வரை போதும். கே.எச். ஒன்றுக்குக் கீழே போக விடாதீர்கள், போனால் பி.எச். திடீரென்று சரியும்.

மழைத் தண்ணீர் சேகரிப்பு நம் வீடுகளுக்குப் புதிதில்லை, அதனால் நீங்களும் அந்த யோசனைக்கு வருவீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழை அருமையான மென்மையான தண்ணீர். ஆனால் முற்றத்துத் தாழ்வாரத்தில் துத்தநாகம் பூசிய தகரத் தூம்பு வழியாக வழிந்து, தாமிர அண்டாவிலோ பித்தளை அண்டாவிலோ நிறைந்து நிற்கும் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். உப்பே இல்லாத தண்ணீர் உலோகத்தைச் சுலபமாகக் கரைக்கும். தாமிரமும் துத்தநாகமும் மீனுக்கு விஷம், இறாலுக்கு இன்னும் கொடிய விஷம். முதல் சில மழையை விட்டுவிட்டு, முற்றத்தின் நடுவில் திறந்த வானத்துக்குக் கீழே பிளாஸ்டிக் டிரம் வைத்துப் பிடியுங்கள். அதை அப்படியே ஊற்றாமல் ஆர்.ஓ. போலவே பாவித்துப் போர் தண்ணீரோடு கலந்து ஊற்றுங்கள். அப்புறம், தொட்டிக்குள் வைக்கும் கல்லையும் சோதியுங்கள். ஆசிட் ஒரு சொட்டு விட்டு நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, வெளியே வைத்துவிடுங்கள்.

அமைப்புக்கு வருகிறேன். ராம், அப்பிஸ்டோ இரண்டுமே மணலை வாய் நிறைய அள்ளிச் செவுள் வழியாக உதிர்க்கும் மீன்கள். முன்பக்கம் ஒரு பட்டை அளவுக்காவது சலித்த மெல்லிய மணல் போடுங்கள், கூரான ஜல்லி செவுளைக் கிழிக்கும். பொந்துக்குக் கடையில் காசு கொடுக்க வேண்டாம், சிரட்டையைவிட நல்ல பொந்து இல்லை. நார் போகச் சுரண்டி, சாறு இறங்குவது நிற்கும் வரை இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி வேகவைத்து, விளிம்பில் பெண் மீன் நுழையும் அளவுக்கு மட்டும் ஒரு வாசல் வெட்டிக் கவிழ்த்து வையுங்கள். அந்த அளவு முழுதாக வளர்ந்த ஆணுக்கு இடிக்கும், அதுதான் பெண்ணுக்கு வேண்டியது. இரண்டு பெண்ணுக்கு நாலு சிரட்டை, வாசல்கள் ஒன்றையொன்று பார்க்காதபடி. ஒருநாள் பெண் வெளியே வராமல், வந்தாலும் மஞ்சள் கரைத்து ஊற்றினாற்போல் உடம்பும், கன்னத்தில் கறுப்புக் கீற்றும், வயிற்றுத் துடுப்பின் முன்விளிம்பில் கறுப்புமாக நின்றால், சிரட்டைக் கூரையில் செம்மை படிந்த முட்டைகள் ஒட்டியிருக்கின்றன என்று அர்த்தம். தூக்கிப் பார்க்காதீர்கள். ஒரு வாரம், பத்து நாளில் குஞ்சுகளை ஓட்டிக்கொண்டு தானே வரும்.

தொட்டியின் நடுவில் மரவேர், அதன்மேல் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், பின்னால் வாலிஸ்நேரியா, இடையில் கிரிப்டோகரைன் புதர் என்று வைத்து, ஒரு ஓரத்தில் நிற்கும் மீனுக்கு மறு ஓரம் தெரியாமல் மறைத்துவிடுங்கள். இந்தச் செடிகள் நம் சூட்டையும் தாங்கும். பார்வை மறைந்தால் சண்டை பாதியாகக் குறையும். ராமுக்கு நடு முன்புறத்தில் ஒரு தட்டைக் கல். முற்றத்து வெயில் நேராகத் தொட்டியில் விழுந்தால் பாசியோடுதான் காலம் கழியும், ஒரு திரை போடுங்கள். பள்ளிக்கூட மைதானங்களில் உதிர்ந்து கிடக்கும் நாட்டுப் பாதாம் இலை காய்ந்ததாகப் பொறுக்கிக் கழுவிப் போடலாம். அது தண்ணீரைத் தேன் நிறமாக்கும், குஞ்சுகள் மேய நுண்ணுயிர் வளர்க்கும், இவை நிச்சயம். பி.எச்.-ஐ இறக்கும் என்பது கே.எச். குறைவாக இருந்தால் மட்டும் நிஜம். நோயெல்லாம் வராமல் தடுக்கும் என்று விற்பவர்கள் சொல்வதை நான் நம்பி இருக்க மாட்டேன், நாலு இலையால் மருந்து வேலை நடக்காது.

மேல்மட்டத்தில் பத்து இருபது கார்டினல் டெட்ராவோ ரம்மிநோஸோ அமைதியாகக் கூட்டமாகத் திரிந்தால், கீழே உள்ளவை பயமில்லாமல் வெளியே வரும். தரையில் மேயும் சின்னக் கெளுத்தியான கோரிடோராஸைச் சேர்க்கச் சொல்பவர்கள் அதிகம், நான் சொல்ல மாட்டேன். அவற்றுக்கு எல்லை என்பதே புரியாது, முட்டைக்கு மேலேயே மேய்ந்துகொண்டு போகும், இரவில் முட்டையைத் தின்னும். முட்டையைக் காக்கும் தாய் மீன் அவற்றின் கண்ணைக் கொத்தும். செர்ரி இறால் போட்டால் அது தீனிதான்.

வாங்கும்போது, கடையில் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் ஆணும் பெண்ணும் ஒன்றுபோல மின்னும் ராமைத் தவிர்த்துவிடுங்கள். நிறத்துக்காக ஹார்மோன் கொடுத்த மீன்கள் சந்தையில் உண்டு, அவை சீக்கிரம் வெளிறிப்போகும், முட்டையும் சரியாக இடாது. கொஞ்சம் மங்கலாக, துறுதுறுவென்று மணலைக் கிண்டிக்கொண்டிருக்கும் இளம் மீனைப் பாருங்கள். வந்ததும் வேறு தொட்டியில் மூன்று நாலு வாரம் வையுங்கள். பின் முதலில் ராமை விடுங்கள், அது இடம் பிடித்துப் பழகிய பிறகு அப்பிஸ்டோ. அப்பிஸ்டோ மூன்றையும் ஒரே நாளில் விட வேண்டும், இல்லாவிட்டால் முன்னால் வந்த பெண் பின்னால் வந்ததை வாழவிடாது. ஏதாவது ஒரு மீன் மேல்மூலையில், ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் துடுப்பை மடக்கிக்கொண்டு கறுத்து நின்றால் மறுநாள் வரை பார்க்கலாம் என்று விடாதீர்கள், அன்றைக்கே மாற்றுங்கள். அதற்காக ஒன்றரை அடித் தொட்டி ஒன்றை ஸ்பான்ஜ் ஃபில்டரோடு எப்போதும் ஓடவிட்டு வையுங்கள், புது மீனைத் தனியே வைக்கவும் அதுவே உதவும். குஞ்சு மிஞ்சினால் கடைக்கோ வளர்க்கும் நண்பருக்கோ கொடுங்கள், ஊரணியில் விடாதீர்கள். கிரிபென்சிஸுக்கு ஏற்கெனவே முன்பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றால், அந்தப் பணத்துக்குக் கார்டினல் டெட்ரா கேட்டுப் பாருங்கள், பெரும்பாலான கடைகளில் மாற்றிக் கொடுப்பார்கள். உங்கள் போர் தண்ணீரின் கே.எச்., ஜி.எச். (மொத்தக் கடினத்தன்மை) அளவுகளையும், மதியம் மூன்று மணிக்குத் தொட்டியின் சூட்டையும் எழுதினால், கலக்கும் விகிதத்தை இன்னும் சரியாகச் சொல்கிறேன்.